ஹைட்ரோ பில்லும் ஏழு மணிக் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

மே மாசம் பிறந்த கையோட வாற கடிதங்கள்ல பாதி ஹைட்ரோ பில்லை, அதுதான் இஞ்சத்தைக் கரண்ட் பில்லைப் பற்றித்தான் இருக்கும், இந்த முறையும் ஒரு கட்டு வந்து கிடக்கு. எல்லாத்தையும் போட இடமில்லை, ஒரே மாதிரியான கேள்வியளைச் சேர்த்துத்தான் எழுதிறன். பதில் சொல்ல முந்தி விலையைச் சொல்லிப்போட்டால் பிறகு ஒவ்வொருக்காவும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. கனடாவில, ஒன்ராறியோ மாகாணத்தில வருசா வருசம் நவம்பர் முதலாம் திகதி எனெர்ஜி போர்ட் புது விலை போடும். 2024 நவம்பர் 1 இலயிருந்து 2025 ஒக்டோபர் 31 வரைக்கும், நேரத்துக்கு ஏத்த விலை இருக்கே, ரைம் ஒவ் யூஸ் எண்டு பில்லில போட்டிருக்கும், அந்த முறையில மலிவு நேரத்தில ஒரு யூனிற் 7.6 சதம், நடு நேரத்தில 12.2 சதம், உச்ச நேரத்தில 15.8 சதமா இருந்தது. யூனிற் எண்டு நான் சொல்லுறது ஒரு கிலோவாட் மணி, ஊர் பில்லில பாத்த அதே யூனிற்தான். கீழ வாற விலையும் கணக்கும் எல்லாம் அந்த ஒரு வருசத்துக்கு உரியது, அதுக்குப் பிறகு விலை மாறிட்டுது.

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில மாமா மாமியோட ஒரே வீட்டில இருக்கிறம். மாமா பின்னேரம் ஏழு மணிக்கு முந்தி ஒரு சுவிச்சும் போட விடுறாரில்லை. ரைஸ் குக்கரும் ஏழுக்குப் பிறகுதான். எனக்கு மூண்டு வயசில பிள்ளை இருக்கு, அவனுக்கு அஞ்சரைக்கே பசிச்சிடும், அழுவான். ரூமில லைற் எரிஞ்சாலும் வந்து நிப்பாட்டிப்போட்டுப் போவார். அவர் சொல்லுறது சரியோ பிழையோ எண்டு தெரியாமல் எதிர்த்துக் கதைக்கவும் மனமில்லை. உண்மையில எவ்வளவு மிச்சம் வரும்?
(மருமகள் ஒருவர், ஸ்காபரோ)

பதில்: பிள்ளை, உங்கட கடிதத்தை வாசிச்சு எனக்கு மனம் கஷ்டமாப் போச்சு, அதால இதைத்தான் முதல்ல எடுத்தன். ரைஸ் குக்கர் ஒருக்காச் சோறு காய்ச்சி முடிக்க அரை யூனிற்கூட எடுக்காது, 0.4 எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. இப்ப வெயில் காலம், பின்னேரம் அஞ்சு தொடக்கம் ஏழு நடு நேரம், 12.2 சதம். ஏழுக்குப் பிறகு 7.6. வித்தியாசம் 4.6 சதம், அதை 0.4 ஆல பெருக்கினால் ரெண்டு சதமும் வராது. மாசத்தில 22 வேலை நாள், எல்லா நாளும் அஞ்சு மணிக்கே சோறு போட்டாலும் மாசம் முடிய 40 சதம்தான் கூட. சனி ஞாயிறு முழு நாளும் மலிவுதானே, அதில வித்தியாசமே இல்லை. லைற் அதைவிடச் சின்னக் கணக்கு, இப்ப இருக்கிற எல்ஈடி பல்ப் 9 வாட், உச்ச நேரத்தில அஞ்சு மணித்தியாலம் விடாமல் எரிஞ்சாலும் ஒரு சதம் வராது.

மாமாவுக்கு இதை அப்பிடியே வாசிச்சுக் காட்டுங்கோ, இனி வாறது அவருக்கு. ஐயா, நீங்கள் காசை யோசிச்சுத்தான் செய்யிறீங்கள், ஊரில யூனிற் யூனிற்றா எண்ணிப் பழகின ஆக்கள் நாங்கள், 60 வாட், 100 வாட் குண்டு பல்ப் எரிச்ச காலத்தில லைற்றை நிப்பாட்டினது சரியான வேலைதான். ஆனா இஞ்ச உங்கட பில்லை ஏத்திறது சோறும் லைற்றும் இல்லை. உடுப்பு உலர்த்திற ட்ரையர் ஒரு லோட்டுக்கு 3 யூனிற் கிட்ட எடுக்கும், அதை மத்தியானம் ஒரு மணிக்குப் போட்டால் 47 சதம், இரவு எட்டு மணிக்குப் போட்டால் 23 சதம். நீங்கள் இத்தினை பேர் இருக்கிற வீட்டில கிழமைக்கு அஞ்சு ஆறு லோட் தோய்ப்பீங்கள், அதிலதான் மாசம் அஞ்சு ஆறு டொலர் கிடக்கு. ஏசியில அதைவிடக் கூடக் கிடக்கு. பேஸ்மென்றில ஈரப்பதன் இழுக்கிற மெசின், டீஹியூமிடிஃபயர், இருந்தால் அதில இன்னும் கிடக்கு. கராஜுக்குள்ள பழைய ஃப்ரிட்ஜ் ஒண்டு மீன் வைக்க எண்டு ஓடிக்கொண்டு இருந்தால் அது இரவு பகல் பாக்காமல் இழுக்கும், அதுக்குள்ள என்ன இருக்கெண்டு ஒருக்காத் திறந்து பாருங்கோ, அரை வாசி வெறுமையா இருந்தால் சாமானை உள் ஃப்ரிட்ஜுக்கு மாத்திப்போட்டு அதை நிப்பாட்டினாலே பேரப்பிள்ளைக்கு வருசம் முழுக்க அஞ்சரைக்குச் சோறு குடுத்த காசு வந்திடும். பிள்ளை பசியோட இருக்கக் கூடாது ஐயா.

கேள்வி: மாரி காலத்தில விடியவும் பின்னேரமும் விலை கூட எண்டு சொன்னவை, இப்ப மத்தியானம் கூட எண்டு சொல்லுறியள். ஏன் இப்பிடி வருசத்தில ரெண்டு தரம் மாத்தி எங்களைக் குழப்பினம்? என்ர மனிசி இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் மலிவு எண்டு நிக்கிறா, நான் ஏழு எண்டுறன். ஆர் சரி?
(ஓய்வு பெற்றவர், அஜாக்ஸ்)

பதில்: நீங்கள் சரி, ஆனா அக்காவிலயும் பிழை இல்லை. முந்தி மலிவு நேரம் இரவு ஒன்பதுக்குத்தான் துவங்கினது, 2011 இலதான் அதை ஏழு மணி ஆக்கினவை. பழைய ஆக்கள் கனபேர் இன்னும் ஒன்பது மணிக்கு எலார்ம் வைச்சு எழும்பிப் போய் வோஷிங் மெசினைத் தட்டுகினம், நான் வேலைக்குப் போற வீடுகள்ல எத்தினையோ தரம் பாத்திருக்கிறன், சொன்னால் நம்பினமில்லை.

இப்ப இருக்கிற மணியைச் சொல்லுறன், ஃப்ரிட்ஜில எழுதி ஒட்டுங்கோ. திங்கள் தொடக்கம் வெள்ளி வரை இரவு 7 இலயிருந்து விடிய 7 மட்டும் மலிவு, இது வருசம் முழுக்க மாறாது. சனி, ஞாயிறு, அதோட விக்ரோறியா டே, கனடா டே, லேபர் டே மாதிரி லீவு நாளெல்லாம் 24 மணித்தியாலமும் மலிவு. மாறுறது வேலை நாள் பகல் மட்டும்தான். மே 1 தொடக்கம் ஒக்டோபர் 31 வரை பகல் 11 இலயிருந்து பின்னேரம் 5 உச்சம், அதுக்கு முந்தி 7 இலயிருந்து 11, பிந்தி 5 இலயிருந்து 7 நடு. நவம்பர் 1 தொடக்கம் ஏப்ரல் 30 வரை அப்பிடியே தலைகீழ், காலமை 7 தொடக்கம் 11, பின்னேரம் 5 தொடக்கம் 7 உச்சம், இடையில 11 இலயிருந்து 5 நடு.

ஏன் எண்டால், எல்லாரும் ஒரே நேரத்தில இழுக்கிற நேரம்தான் உச்சம். வெயில் காலத்தில இந்த மாகாணம் முழுக்க மத்தியானம் ஏசி ஓடும், கந்தோர், கடை, வீடு எல்லாம் சேர்ந்து. மாரியில ஆக்கள் எழும்பிக் குளிச்சு வெளிக்கிடுற நேரமும், இருட்டின பிறகு வீட்டுக்கு வந்து சமைக்கிற நேரமும்தான் ஏறும். அந்தக் கொஞ்ச மணித்தியாலத்துக்காக எண்டே காஸ் எரிச்சுக் கரண்ட் எடுக்கிற ஸ்ரேசன்களை ஓட்ட வேண்டி வரும், அதுதான் செலவு. ஊரில பாருங்கோ, இலங்கையில நேரக் கணக்கு விலையில உச்ச நேரம் பின்னேரம் 6.30 தொடக்கம் இரவு 10.30, ஏனெண்டால் அங்க பொழுதுபட்டால்தான் வீடு வீடா லைற்றும் ஃபானும் ரிவியும் ஏறுறது. ஊருக்கு ஊர் மணி வேற வேற, கொழும்பில இருக்கிற தம்பி சொன்ன மணியை இஞ்ச பாவிக்கக் கூடாது.

கேள்வி: நானும் மனிசனும் ரெண்டு பேரும் பென்சன், பகல் முழுக்க வீட்டிலதான். ஏழு மணி வரைக்கும் காத்திருக்க ஏலாது, வெக்கை தாங்க ஏலாது. படி முறை எண்டு வேற ஒண்டு இருக்காம், அதுக்கு மாறச் சொல்லி மகள் சொல்லுறாள். மாறலாமோ?
(அம்மா ஒருவர், மார்க்கம்)

பதில்: உங்கட மகள் நல்லாத்தான் சொல்லியிருக்கிறா. 2020 நவம்பரிலயிருந்து இந்தத் தெரிவு எல்லா வீட்டுக்கும் இருக்கு, கனபேருக்குத் தெரியாது. படி முறையில, ரியர்ட் எண்டு சொல்லுவினம், மணியே இல்லை. வெயில் காலத்தில மாசம் முதல் 600 யூனிற்றும், மாரி காலத்தில முதல் 1000 யூனிற்றும் அந்த வருச விலையில 9.3 சதம், அதுக்கு மேல போறது 11 சதம். எந்த நேரம் பாவிச்சாலும் ஒண்டுதான்.

எது லாபம் எண்டதை நான் இப்பிடித்தான் பாக்கிறனான். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம், அதில 108 மணித்தியாலம் மலிவு நேரம், நூற்றுக்கு 64. அப்ப ஒரு வீடு ஒண்டையும் பாக்காமல் எல்லா நேரமும் ஒரே அளவா இழுத்தால் அவையின்ர யூனிற்றில 64 வீதம் தானாவே மலிவு விலையில வரும், சராசரி விலை 9.9 சதம் மட்டில நிக்கும். இது முதல் படி 9.3 ஐ விடக் கூட, ரெண்டாம் படி 11 ஐ விடக் குறைவு. விளங்குதோ? கொஞ்சமாப் பாவிக்கிற வீடு, முதல் படிக்குள்ளேயே முடிஞ்சிடுற வீடு எண்டால், நூற்றில 73 யூனிற்றுக்கு மேல மலிவு நேரத்தில வந்தால்தான் ரைம் ஒவ் யூஸ் லாபம். பகல்ல எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போற வீட்டுக்கு அது வரும், உங்களுக்கு வாறது கஷ்டம்.

ஜூலை மாசம் 800 யூனிற் வருது எண்டு எடுங்கோ. படி முறையில 77 டொலர் 80 சதம். ரைம் ஒவ் யூஸில நீங்கள் அரை வாசியை மலிவு நேரத்திலயும், 20 வீதத்தை நடு நேரத்திலயும், 30 வீதத்தை உச்சத்திலயும் பாவிச்சால் 87 டொலர் 84 சதம். பத்து டொலர் கூட. அதே 800 யூனிற்றை நாலில மூண்டு பங்கு மலிவு நேரத்தில பாவிக்கிற வீட்டுக்கு 73, 74 டொலர் மட்டில வரும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே யூனிற்தான், ஆர் எப்ப வீட்டில இருக்கினம் எண்டதுதான் வித்தியாசம். அதால பக்கத்து வீட்டுக்காரர் எந்த முறை எண்டு கேட்டு மாறாதேங்கோ, உங்கட மணிக்கணக்கைப் பாருங்கோ. உங்கட மார்க்கத்தில அலெக்ட்ரா, ரொறொன்ரோவில ரொறொன்ரோ ஹைட்ரோ, எந்தக் கொம்பனி எண்டாலும் எக்கவுண்டுக்குள்ள போனால் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் எவ்வளவு இழுத்தது எண்டு கிராஃபா இருக்கும், மகளைக் கொண்டு எடுப்பியுங்கோ. எனெர்ஜி போர்டின்ர பக்கத்தில பில் கல்குலேற்றரும் இருக்கு. மாறுறதுக்குக் காசில்லை, ஒரு ஃபோம் நிரப்பினால் வாற பில் காலத்தில மாத்தி விடுவினம், பிடிக்காட்டில் திரும்பி வரலாம்.

ஏசியைப் பற்றி ஒரு வார்த்தை. நடுத்தர வீட்டு சென்ரல் ஏசி ஓடேக்க 3 கிலோவாட் கிட்ட இழுக்கும். ரைம் ஒவ் யூஸிலேயே இருக்கப் போறன் எண்ட ஆக்கள் விடிய ஏழு மணிக்கு முந்தி வீட்டை 22 பாகைக்குக் கொண்டு வந்து வைச்சு, வெயில் படுற பக்கத்து யன்னல் திரையை காலமையே இழுத்து மூடிப்போட்டு, 11 மணிக்கு 25 இல விட்டால் மெசின் உச்ச நேரத்தில குறையத்தான் ஓடும், பிறகு இரவு ஏழுக்குத் திரும்பக் குறைக்கலாம். ஸ்மார்ட் தேர்மோஸ்டாட் இருந்தால் பீக் பேர்க்ஸ் எண்டு ஒரு திட்டம் இருக்கு, சேர்ந்தால் முதல் 75 டொலர், பிறகு வருசத்துக்கு 20 டொலர் தருவினம், அதுக்குப் பதிலா ஜூன் தொடக்கம் செப்ரெம்பர் வரை ஆகக் கூடினது பத்து நாள், ஒரு நாளைக்கு மூண்டு மணித்தியாலம் வரைக்கும் அவை உங்கட தேர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் ஏத்துவினம், ஏலாட்டில் அந்த நாள் வேண்டாம் எண்டு நீங்கள் நிப்பாட்டலாம். ஆனா அம்மா, வயசு போன ஆக்களுக்கு வெக்கை ஆபத்து, தலை சுத்தினால், வேர்த்து ஒழுகினால் மணியைப் பாக்காமல் ஏசியைப் போடுங்கோ. ஒரு மணித்தியாலம் உச்ச நேரத்தில ஓடினால் அரை டொலரும் வராது.

கேள்வி: அண்ணை, எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறன். இரவு யூனிற் மூண்டு சதத்துக்குள்ள வாற பிளான் ஒண்டு இருக்கெண்டு எல்லாரும் சொல்லினம். உடன மாறலாம்தானே? நாள் ஒண்டுக்கு நூறு கிலோமீற்றர் ஓடுறன்.
(பிராம்ரன் வாசகர்)

பதில்: தம்பி, உடன வேண்டாம், முதல்ல பின்னேரத்தைப் பாருங்கோ. அந்த பிளான் 2023 மே மாசம் வந்தது, அல்ட்ரா லோ ஓவர்நைற் எண்டு பேர். மேல சொன்ன வருச விலையில, இரவு 11 இலயிருந்து விடிய 7 மட்டும் ஒரு யூனிற் 2.8 சதம், எல்லா நாளும். சனி ஞாயிறு பகல் 7.6. அது வரைக்கும் நல்லம். ஆனா வேலை நாள்ல பின்னேரம் 4 இலயிருந்து இரவு 9 மட்டும் 28.4 சதம். மிச்ச நேரம் 12.2. எல்லாரும் அந்த 2.8 ஐத்தான் வாயூறிப் பாக்கினம், 28.4 ஐ ஒருத்தரும் சொல்லுறதில்லை.

நூறு கிலோமீற்றருக்கு 20 யூனிற் எண்டு வைச்சால், மாசம் 22 நாளுக்கு 440 யூனிற். இப்ப இருக்கிற ரைம் ஒவ் யூஸில ஏழு மணிக்குப் பிறகு சார்ஜ் பண்ணினால் 33 டொலர் 44 சதம், புது பிளானில 12 டொலர் 32 சதம். 21 டொலர் மிச்சம். சரி, இனி மற்றப் பக்கம். எங்கட வீடுகள்ல நாலுக்கும் ஒன்பதுக்கும் இடையிலதான் பிள்ளையள் வந்து ரிவி போடுறது, சமையல், புட்டு இடியப்பம் அவிக்கிறது, குளிப்பு, ஏசி எல்லாம். மணித்தியாலத்துக்கு ஒரு யூனிற் எண்டு வைச்சால் அஞ்சு யூனிற்றுக்கு புது பிளானில 1 டொலர் 42 சதம், பழசில வெயில் காலக் கணக்குக்கு 55 சதம். 22 நாளுக்கு 19 டொலர் கூடப் போகுது. கார்ல மிச்சம் பிடிச்ச 21 டொலரும் அடுப்படியில போயிடும். ஏசியும் சேர்ந்து பின்னேரம் பத்து யூனிற் போனால் கை நட்டம்.

என்னட்டைக் கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுற கணக்கு இதுதான்: பின்னேரம் 4 தொடக்கம் 9 வரை பாவிக்கிற ஒவ்வொரு யூனிற்றுக்கும் 17 சதம் இழக்கிறியள், இரவு 11க்குப் பிறகு கார் குடிக்கிற ஒவ்வொரு யூனிற்றுக்கும் 4.8 சதம் மிச்சம் பிடிக்கிறியள். அப்ப ஒரு பின்னேர யூனிற்றை ஈடு கட்ட மூண்டரையிலயிருந்து நாலு இரவு யூனிற் வேணும். உங்கட 440 ஐ அதால பிரிச்சால் மாசம் 120, அதாவது வேலை நாள் பின்னேரம் அஞ்சரை யூனிற்றுக்குக் கீழ நிண்டால்தான் மாறுறதில அர்த்தம் இருக்கு. காஸ் அடுப்பு, ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு, இரவு வேலைக்குப் போற ஆக்கள், இவைக்கு நல்லாச் சரிவரும். ரெண்டு எலெக்ட்ரிக் கார் இருக்கிற வீட்டுக்கு யோசிக்கவே தேவையில்லை, மாறலாம். உங்கட ஹைட்ரோ எக்கவுண்டில இருக்கிற கிராஃபில ஒரு மாசம் பின்னேரங்களைக் கூட்டிப் பாத்திட்டு முடிவெடுங்கோ, முறை மாத்தினாலும் திரும்பலாம் எண்டு மேல சொன்னது இதுக்கும்தான்.

இன்னொண்டு, சார்ஜர் பூட்டிறதைப் பற்றி. 40 அம்ப் பிரேக்கரில 32 அம்ப் சார்ஜர் போட்டால் 7 கிலோவாட்டுக்கு மேல போகும், அந்த எட்டு மணித்தியாலத்தில 50 யூனிற் தாராளமா ஏறும், உங்கட 20 யூனிற்றுக்கு மூண்டு மணித்தியாலம் காணும். பழைய வீட்டில 100 அம்ப் பனலா இருந்தால், ட்ரையர், அடுப்பு, ஏசி எல்லாம் அதில கிடந்தால், எல்லாம் சேர்ந்து எவ்வளவு இழுக்கும் எண்டு முதல்ல லோட் கணக்குப் பாக்க வேணும். லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் கொன்ட்ராக்டரைக் கொண்டு, எலெக்ட்ரிக்கல் சேஃப்டி ஒதோறிற்றிக்கு அறிவிச்சுத்தான் செய்ய வேணும். தெரிஞ்ச பெடியன் மலிவாச் செய்து தாறான் எண்டு விடாதேங்கோ. அப்பிடிப் பூட்டின ஒரு சார்ஜரை நான் கழட்டிப் பாத்தன், வயர் தடிப்புக் காணாது, பிளாஸ்டிக் உருகிக் கறுத்துப் போய் இருந்தது, அந்த வீட்டில ரெண்டு சின்னப் பிள்ளையள் அதுக்கு மேல் ரூமில படுக்கிறவை.

கேள்வி: பேஸ்மென்றில வாடகைக்கு இருக்கிறன். ஹைட்ரோவில 30 வீதம் நான் கட்ட வேணும். வீட்டுக்காரர் இரவு ஏழுக்குப் பிறகுதான் உடுப்புத் தோய்க்க விடுவார், எனக்கு ஃபக்ரறியில நைற் ஷிஃப்ட், ஏழுக்கு நான் வெளிக்கிட வேணும். தோய்க்காமல் உடுப்பு குவிஞ்சு கிடக்கு. கேக்கப் பயமா இருக்கு.
(பெயர் வேண்டாம்)

பதில்: பயப்பிடாதேங்கோ, காசைச் சொல்லிக் கேளுங்கோ. நீங்கள் ஒரு ஆள், கிழமைக்கு ரெண்டு லோட், தோய்க்கவும் உலர்த்தவும் சேர்த்து 7 யூனிற் எண்டு வையுங்கோ. வேலையால வந்து காலமை எட்டு மணிக்குப் போட்டால் இந்த வெயில் காலத்தில அது நடு நேரம், உச்சமில்லை. இரவுக்கும் அதுக்கும் கிழமைக்கு 32 சதம் வித்தியாசம், மாசம் 1 டொலர் 40 சதம். மாரியில அந்த நேரம் உச்சமாயிடும், அப்ப மாசம் ரெண்டரை டொலர். “அண்ணை, மாசம் மூண்டு டொலர் கூடத் தாறன், காலமை தோய்க்க விடுங்கோ” எண்டு கேளுங்கோ, நியாயமான ஆள் எண்டால் மூண்டு டொலரும் வாங்க மாட்டார். இல்லாட்டில் சனி ஞாயிறு எந்த நேரமும் மலிவுதான், அவருக்கு அதில சொல்ல ஒண்டும் இல்லை.

வீட்டுக்காரர் ஆக்களுக்கும் ஒண்டு சொல்லுறன். கீழ இருக்கிற ஆளின்ர ரெண்டு லோட் உடுப்பைக் காவல் காக்கிறதை விட, அதே பேஸ்மென்ற் மூலையில ஓடுற டீஹியூமிடிஃபயரைப் பாருங்கோ. ஒரு 500 வாட் மெசின் நாளைக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் 5 யூனிற், மாசம் 150 யூனிற். கனபேர் அதை 35, 40 வீத ஈரப்பதனில வைச்சிருப்பினம், அது நிக்காமலே ஓடும். 50 வீதத்தில விடுங்கோ, காணும். மாரியில கீழ குளிர் எண்டு 1500 வாட் ஹீற்றர் பிளக் பண்ணினால் அது இன்னும் மோசம், பத்து மணித்தியாலத்தில 15 யூனிற், ஒரு டொலரிலயிருந்து ரெண்டு டொலர் மட்டும் ஒரு நாளைக்கு. கீழ குளிர் எண்டால் வாடகைக்காரரின்ர பிழை இல்லை, சூடு வாற துவாரத்தைத் திறந்து விட்டிருக்கோ, ஃபர்னஸ் ஃபில்ரர் அடைச்சிருக்கோ எண்டு பாக்க வேணும்.

அதோட மலிவு எண்டு ட்ரையரைப் போட்டுவிட்டு ஒருத்தரும் படுக்கப் போகாதேங்கோ. பஞ்சு சேர்ந்து தீப்பிடிக்கிறது கதை இல்லை. டிஷ்வாஷருக்கு டிலே பட்டன் வைச்சு விட்டால் பரவாயில்லை, ட்ரையர் ஓடேக்க ஆராவது முழிச்சு இருக்க வேணும், ஒவ்வொரு லோட்டுக்கும் பஞ்சு வலையைத் துப்புரவாக்க வேணும். பேஸ்மென்றில படுக்கிற ஆளுக்குப் பக்கத்திலதான் கனக்க வீடுகள்ல ட்ரையர் இருக்கு.

கேள்வி: எல்லாத்தையும் ஏழுக்குப் பிறகு மாத்திப் பாத்திட்டன், பில் 130 இலயிருந்து 124 க்குத்தான் வந்தது. ஏமாத்து வேலையோ?
(ஸ்காபரோ)

பதில்: ஏமாத்து இல்லை. பில்லை எடுத்து வரி வரியாப் பாருங்கோ. எலெக்ட்ரிசிற்றி எண்ட வரிக்கு மட்டும்தான் மணிக் கணக்கு. கீழ டெலிவரி எண்டு ஒரு வரி, கம்பி, தூண், மீற்றருக்கான காசு, அதில பெரும் பகுதி வீடுகளுக்கு மாறாத் தொகை, நீங்கள் ஒரு மாசம் ஊருக்குப் போய் வந்தாலும் கட்ட வேணும். பிறகு ரெகுலேற்றறி எண்ட கட்டணம், பிறகு எச்எஸ்ரி வரி 13 வீதம், கடைசியில மாகாணத்தின்ர ரிபேற் எண்டு ஒரு தொகை கழிப்பினம், மேல சொன்ன விலை இருந்த வருசம் அது 13.1 வீதம். 130 டொலர் பில்லில மணி மாத்தித் தொடக்கூடியது சிலவேளை 70, 80 டொலர்தான், அதில 6 டொலர் குறைச்சது நல்ல வேலை, வருசத்துக்கு 72 டொலர் ஆச்சு. இன்னும் குறையோணும் எண்டால் யூனிற்றையே குறைக்க வேணும்.

கேள்வி: நான் தனிய இருக்கிறன், வருமானம் குறைவு. ரெண்டு மாசம் பில் கட்டேல்லை. முந்தி ஒரு பெடியன் கதவைத் தட்டி விலை கூடாத பிளான் எண்டு கையெழுத்து வாங்கினவன், அதுக்குப் பிறகுதான் பில் ஏறினது.
(அம்மா ஒருவர், எத்தோபிக்கோ)

பதில்: அம்மா, ரெண்டு விசயம், ரெண்டையும் இந்தக் கிழமையே செய்யுங்கோ. உங்கட பில்லில குளோபல் எட்ஜஸ்ட்மென்ற் எண்டு தனிய ஒரு வரி இருக்கோ எண்டு ஆரையாவது கொண்டு பாருங்கோ. இருந்தால் நீங்கள் இன்னும் அந்தத் தனியார் ஒப்பந்தத்திலதான் இருக்கிறியள், ரைம் ஒவ் யூஸ் விலையோ படி விலையோ உங்களுக்கு வரேல்லை. எனெர்ஜி போர்டுக்குப் போன் பண்ணி எப்பிடி வெளியில வாறது எண்டு கேளுங்கோ. வீடு வீடா வந்து இப்பிடி ஒப்பந்தம் எழுதிறதை 2017 இலயிருந்து தடை செய்தாச்சு, அதால இனி ஆர் வந்து பில்லைக் காட்டச் சொன்னாலும் காட்டாதேங்கோ, கதவையும் திறக்காதேங்கோ. உங்கட எக்கவுண்ட் நம்பர் அதிலதான் இருக்கு.

மற்றது, ஒன்ராறியோ எலெக்ட்ரிசிற்றி சப்போர்ட் புரோகிராம், 2016 இலயிருந்து இருக்கு. வருமானத்தையும் வீட்டில எத்தினை பேர் எண்டதையும் பாத்து மாசா மாசம் பில்லிலயே கழிப்பினம், குறைஞ்சது 35 டொலர். இஞ்ச நாங்கள் சதம் சதமாக் கணக்குப் போடுறம், உங்களுக்கு அந்த ஒரு ஃபோம் எல்லாத்தையும் விடப் பெரிசு. வெக்கப்பட ஒண்டும் இல்லை, அதுக்காகத்தான் வைச்சிருக்கினம். கட்டாமல் நிக்கிற பில்லுக்கு லீப் எண்டு அவசர உதவியும் இருக்கு, ஹைட்ரோ கொம்பனிக்குப் போன் எடுத்து ரெண்டையும் பேர் சொல்லிக் கேளுங்கோ, தவணை போட்டுக் கட்டவும் கேளுங்கோ. நவம்பர் 15 தொடக்கம் ஏப்ரல் 30 வரை வீட்டு லைனை வெட்ட ஏலாது, ஆனா இப்ப ஏப்ரல் தாண்டியாச்சு, அதால பிந்தாமல் கதையுங்கோ.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டால் அயலட்டை முறைப்பாடு குடுக்குமோ? மனிசி வெக்கமாம் எண்டுறா.
(மார்க்கம்)

பதில்: கட்டுங்கோ. முந்தி சில புது வீட்டுத் தொகுதிகள்ல கொடி கட்டக் கூடாது எண்டு வீட்டு உறுதிப் பத்திரத்திலயே எழுதியிருப்பினம், 2008 இல மாகாணம் அந்தத் தடையை எடுத்துப்போட்டுது, தனி வீடு, செமி, ரவுன் ஹவுஸ் எல்லாத்துக்கும். ஜூன் வெயிலுக்கு பெட் சீற்றும் ரெண்டு மணித்தியாலத்தில காஞ்சிடும். கொடியைக் கராஜ் சுவருக்கும் வேலித் தூணுக்கும் இடையில கட்டுங்கோ, ஹைட்ரோ லைன் வீட்டுக்குள்ள வாற பக்கத்தில மட்டும் கட்டாதேங்கோ.